காற்றுக் குழாயை மூடிய தாய்மாமன்

கொடியும் விசிலும் வாங்கிக்கொண்டு கடைசிப் பெட்டியில் ஏறப்போகும் தம்பிகளே, தங்கைகளே! உங்களை இப்போது டிரெயின் மேனேஜர் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். ஓய்வு பெறும்போது எனக்கும் அந்தப் பட்டத்தைச் சூட்டித்தான் அனுப்பினார்கள். ஆனால் பயணிகளுக்கு நான் கடைசி வரைக்கும் கார்டுதான். கோபம் வந்தால் வேறு பெயர்களும் வைப்பார்கள். அப்படி வைக்கக்கூடிய பெயர்கள் அத்தனையையும் ஒரே காலையில், ஒரே கல்யாணக் கூட்டத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

பிரேக் பாடத்தைப் பயிற்சிப் பள்ளியில் படம் போட்டு நடத்தியிருப்பார்கள். அதை நான் மறுபடி நடத்தி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். என்ஜினிலிருந்து நம் பெட்டி வரைக்கும் பச்சை வண்ணம் அடித்த ஒரு குழாய் ஓடுகிறது. அதில் ஐந்து கிலோ அழுத்தத்துக்குக் காற்று நிரம்பியிருக்கும்வரை பிரேக் விலகியே இருக்கும். குழாயில் காற்று குறைந்தால், ஒவ்வொரு பெட்டியும் தன் அடியில் உருளையில் சேர்த்துவைத்திருக்கும் காற்றை எடுத்துத் தன் சக்கரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். டிரைவர் குறைத்தாலும் சரி, குழாய் கிழிந்தாலும் சரி, எவனாவது சங்கிலியை இழுத்தாலும் சரி, நடப்பது அதுதான். ஜனங்கள் இதை அப்படியே தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காற்று போனால் பிரேக் போச்சு, வண்டி ஓடிவிடும் என்று அலறுவார்கள். காற்று போனால் வண்டி நின்றுவிடும், அய்யா. யார் கையெழுத்துக்கும் காத்திருக்காமல் நின்றுவிடும். ரயில்வேயில் இவ்வளவு பொறுப்பாக வேலை பார்க்கும் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

சரி, கதைக்கு வருவோம். விருதுநகரிலிருந்து மானாமதுரை போகும் காலை வண்டி. நல்ல முகூர்த்த நாள். அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. நெசவுக் குடும்பத்து ஆட்கள், தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். திருச்சுழிக் கோயிலில் கல்யாணம். பேசிவைத்த வேன்காரன் காலையில் போனை எடுக்கவில்லையாம். முகூர்த்த நாளில் ஒரே வேனை இரண்டு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுப்பது அவன் ஒருவனுக்கு மட்டும் உரிய திறமை இல்லை. அதனால் மணப்பெண், குத்துவிளக்கு, மாலைப் பெட்டி, தாம்பூலத்துக்கான தேங்காய்ப் பைகள் எல்லாம் என் வண்டியில் வந்து ஏறின.

ஏற்றிவிட்ட கையோடு ஒருவர் என் பெட்டிக்கு விடுவிடுவென்று வந்தார். மொடமொடவென்று வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், தோளில் துண்டு. பெண்ணுக்குத் தாய்மாமன் என்பதை அவர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்பது நடையிலேயே தெரிந்தது.

"சார், வண்டி நேரத்துக்குப் போயிருமா?"

"போயிரும்."

"ராகு காலத்துக்கு முன்னாடி தாலி ஏறணும் சார். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக ஒரு மாதிரி. இந்த முகூர்த்தம் தவறுச்சுன்னா அபசகுனம்னு சொல்லி எந்திரிச்சுப் போயிருவாக. பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துருங்க."

ரயிலை நான்தான் தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிற மாதிரி பேசினார். ஆனாலும் அவர் கண்ணில் பயம் இருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணம் சம்பந்தப்பட்ட பயம் என்பதால் நானும் கிண்டல் செய்யவில்லை. கொடியைக் காட்டினேன், வண்டி கிளம்பியது.

அருப்புக்கோட்டையைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் வண்டி வேகம் பிடித்த சமயம், என் பெட்டியில் குழாயின் காற்றைக் காட்டும் மீட்டரில் முள் கீழே இறங்க ஆரம்பித்தது. அடுத்து வண்டி குலுங்கி நின்றது. டிரைவர் ஊதிய ஊதலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. யாரோ அபாயச் சங்கிலியை இழுத்திருக்கிறார்கள்.

இறங்கி நடந்தேன். ரயிலின் நடுவில் ஒரு பெட்டியிலிருந்து காற்று 'உஸ்' என்று சீறிக்கொண்டிருந்தது. சங்கிலி இழுத்த பெட்டியை இப்படித்தான் கண்டுபிடிப்போம். அதன் முனையில் ஒரு வால்வு திறந்து, பச்சைக் குழாயின் காற்றை வெளியே விட்டுவிடும். அதற்குள் பாதி ரயில் கீழே இறங்கி நின்றது. நம் ஊர்க்காரர்களுக்கு நின்ற ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கத் தெரியாது. கரிசல் காட்டில் வேடிக்கை பார்க்க என்னதான் இருக்கிறதோ, இறங்கிவிடுவார்கள்.

உள்ளே ஏறிப் பார்த்தால் கல்யாணப் பெட்டி. சிவப்புக் கைப்பிடியில் ஒரு பை கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பை நிறையத் தேங்காய்.

"யாரும்மா இதை இங்க மாட்டினது?"

பெண்ணின் அம்மா எழுந்து நின்றார். "கொக்கி மாதிரி இருந்துச்சு சார். மத்த கொக்கியில எல்லாம் பூப்பை தொங்குது. பூவை நசுக்க முடியுமா?"

பூவை நசுக்க முடியாதுதான். பையை இறக்கிவைத்தேன். பெட்டி, சட்டி, குழந்தை எல்லாவற்றையும் தாண்டி வெளியே வந்து, பெட்டி முனையில் இருக்கும் சாவியைத் திருப்பி வால்வை மூடினேன். சீறல் நின்றது. இனி என்ஜின் காற்றை ஏற்றினால் முள் தானாக ஏறும், பிரேக் விலகும், கிளம்பலாம். முகூர்த்தத்துக்கு இன்னும் தாராளமாக நேரம் இருந்தது. நான் என் பெட்டிக்குத் திரும்பினேன்.

ஏறி மீட்டரைப் பார்த்தால் முள் பூஜ்ஜியத்தில் படுத்துக்கிடந்தது. எழுந்திருக்கிற எண்ணமே அதற்கு இல்லை.

வாக்கி டாக்கியில் டிரைவர் கூப்பிட்டார். தங்கமான மனுஷர். ஆனால் வண்டி தாமதமானால் தன் குடும்ப மானமே போய்விட்டதாகத் துடிப்பார். "கார்டு சார், எனக்கு அஞ்சு கிலோ வந்துருச்சு. கொடியைக் காட்டுங்க, கெளம்புவோம்."

"எனக்கு ஒண்ணுமே வரலைய்யா. முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது."

"உங்க மீட்டருக்கு என்னைக்கு உசுரு இருந்துச்சு? போன வாரம் அந்தப் பெட்டியில வந்த கார்டும் இதையேதான் சொன்னாரு. தட்டிப் பாருங்க, எந்திரிக்கும்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மீட்டருக்கு ஏற்கெனவே கெட்ட பெயர் உண்டு. தட்டினேன். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். கெட்ட பெயர் வாங்கியவன் எப்போதாவது உண்மை சொன்னால் யார் நம்புகிறார்கள்? நான் கீழே இறங்கி, சக்கரத்தை ஒட்டியிருக்கும் பிரேக் கட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. சக்கரத்தை அப்படியே கவ்விக்கொண்டு நின்றது. மீட்டர் சொன்னது சரி. என் பெட்டிக்குக் காற்று வரவே இல்லை.

டிரைவரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "அப்ப ஜாம் ஆயிருக்கு சார். பின்னாடி இருக்கிற பெட்டியில எல்லாம் ரிலீஸ் கம்பியை இழுத்துவிட்டுட்டு வாங்க. திருச்சுழியில போய் நிதானமாப் பாத்துக்கலாம்."

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ரிலீஸ் கம்பியை இழுத்தால் அந்தப் பெட்டி சேர்த்துவைத்திருக்கும் காற்று வெளியே போய்விடும். கட்டை விலகிவிடும். சக்கரம் வெண்ணெய் மாதிரி உருளும். ஆனால் அதன் பிறகு அந்தப் பெட்டிக்குப் பிரேக் என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு பெட்டி நிஜமாகவே ஜாம் ஆனால் இதைச் செய்வதுண்டு, தவறில்லை. ஆனால் டிரைவர் என்னைப் பின்பாதி ரயிலுக்கே செய்யச் சொல்கிறார். அத்தனை பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்து ஜாம் ஆகுமா? கூடிப் பேசிக்கொண்டு வேலைநிறுத்தம் செய்ய அவை என்ன யூனியனா?

"முடியாது. ஏன் புடிச்சிருக்குன்னு தெரியாம நான் இழுக்க மாட்டேன்" என்றேன்.

வாக்கி டாக்கியின் சத்தத்தை நான் குறைத்துவைத்திருக்க வேண்டும். சுற்றி நின்ற கூட்டம் முழுவதும் கேட்டுவிட்டது. ஒரு கம்பியை இழுத்தால் ரயில் கிளம்பும், ஆனால் இந்தக் கார்டு இழுக்க மாட்டேன் என்கிறான். செய்தி அப்படித்தான் முன்பெட்டி வரைக்கும் போனது. போன வேகத்துக்குக் கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டது.

முன்னால் வந்து நின்றவர் தாய்மாமன். "அந்தக் கம்பி எங்க இருக்கு சார்? எடத்தை மட்டும் காட்டுங்க. உங்களுக்கு வயசாயிருச்சு, குனிய முடியாட்டி நான் இழுக்கேன்."

"யாரும் எதையும் தொடக்கூடாது."

"எதைக் கேட்டாலும் முடியாதுங்கீக. அப்ப எங்க பிள்ளைக்கு நடுக்காட்டுலயா தாலி கட்டுறது?"

"வேணும்னே பண்றாருய்யா" என்றது ஒரு குரல். "சீருக்குக் கூப்பிடலைன்னு கோவமோ என்னமோ" என்றது இன்னொன்று. லாரி ஓட்டுபவராம் ஒருவர், ஆள் அனுபவஸ்தர், பொறுமையாக எனக்குப் புத்தி சொன்னார். "அண்ணே, பிரேக்கு இல்லாட்டி என்ன? நிறுத்துறதுதானே கஷ்டம், போறதுக்கு என்ன கஷ்டம்? நானெல்லாம் பிரேக்கே இல்லாம பரளச்சி வரைக்கும் போயிருக்கேன்." அவர் உயிரோடு என் முன்னால் நின்றதுதான் அவருடைய வாதத்துக்கு ஒரே சாட்சி.

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் இடைவிடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சபலமும் இருந்தது. திருச்சுழி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. மெதுவாகப் போனால் என்ன ஆகிவிடும்? இத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்கு ஒரு கம்பியை இழுத்துவிட்டுப் போனால்தான் என்ன? இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒரு நாள் வரும். அது வரும்போது கெட்ட எண்ணமாக வராது. நாலு பேருக்கு நல்லது செய்கிற எண்ணமாகத்தான் வரும்.

அப்போதுதான் மணப்பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கழுத்தில் மாலை, கையில் போன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கவனிக்காமல் என்னைக் கேட்டாள்.

"சார், கம்பியை இழுத்தா வண்டி ஓடுமா ஓடாதா?"

"நல்லா ஓடும்மா. நிக்குமாங்கிறதுதான் சந்தேகம்."

"இப்ப அது ஏன் புடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எங்கயோ காத்து வரவிடாமத் தடுத்திருக்கு. அதைத்தான் தேடணும்னு சொல்றேன். தேட விட மாட்டேங்காக."

அவள் தன் ஆட்கள் பக்கம் திரும்பித் தெலுங்கில் படபடவென்று பொரிந்தாள். பாளையம்பட்டியில் நான் குடியிருந்த காலத்தில் அக்கம்பக்கத்துப் பேச்சில் காது பழகிய தெலுங்கு எனக்கு அன்றைக்கு உதவியது. நம் விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கிறதே, எங்கே அறுந்தது என்று பார்க்காமல் அதை ஓட்டினால் அப்பா சும்மா விடுவாரா, கையை ஒடித்துவிட மாட்டாரா, இவரை நூலைத் தேட விடுங்கள் என்றாள். கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. பயிற்சிப் பள்ளியில் எனக்கு நாள் கணக்கில் நடத்திய பாடத்தை அவள் மூச்சு விடுவதற்குள் முடித்துவிட்டாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

பிறகுதான் போனை எடுத்தாள். "வந்துக்கிட்டே இருக்கோம்னு சொல்றேன்ல? ரயிலை நானா ஓட்டுறேன்? சும்மா சும்மா கூப்பிடாதீக" என்றாள். மறுமுனையில் மாப்பிள்ளை என்று புரிந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தப் பையனின் நிலைமையை நினைத்துக்கொண்டு நான் வேலையைப் பார்க்கப் போனேன்.

தேடியது இப்படித்தான். டிரைவரிடம் ஐந்து கிலோ இருக்கிறது. என்னிடம் ஒன்றுமில்லை. இரண்டு பேரில் யார் மீட்டர் பொய் சொல்கிறது என்று நாங்கள் அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டுமே உண்மை சொன்னால் என்ன என்று யோசித்தால் விஷயம் சுலபம். இரண்டுக்கும் நடுவில் எங்கோ காற்றுக்குக் கதவு சாத்தியிருக்கிறது. பின்னாலிருந்து ஒவ்வொரு பெட்டியாக உதைத்துக்கொண்டு போனால், கவ்வியிருக்கும் கட்டை எங்கே முடிந்து தளர்ந்த கட்டை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே அந்தக் கதவு இருக்கும்.

உதைத்தேன், நடந்தேன், உதைத்தேன். பின்னால் கல்யாணக் கூட்டமே ஊர்வலமாக வந்தது. மேளம் மட்டும்தான் இல்லை. தாய்மாமன் என் பக்கத்திலேயே நடந்துகொண்டு, "இதுவும் டைட்டுதான் சார்" என்று ஒவ்வொரு பெட்டிக்கும் அறிவித்துக்கொண்டு வந்தார். கல்யாணப் பெட்டியை உதைத்தேன், இறுக்கம். அதற்கு முந்தைய பெட்டியை உதைத்தேன், கட்டை ஆடியது.

இரண்டு பெட்டிக்கும் நடுவில் குனிந்து பார்த்தேன். அங்கே பச்சைக் குழாயில் ஒரு கைப்பிடி உண்டு. குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. குறுக்கே இருந்தது. சும்மா கை பட்டெல்லாம் அது திரும்பாது. தூக்கித்தான் திருப்பவேண்டும். ஆகவே யாரோ யோசித்து, மெனக்கெட்டு மூடியிருக்கிறார்கள்.

"இதை யார் மூடினது?" என்று கத்தினேன்.

"நாந்தான் சார்" என்றார் தாய்மாமன்.

குரலில் பயமோ தயக்கமோ இல்லை. பாராட்டை எதிர்பார்க்கிற குரல்.

"நீங்க பொட்டிக்குள்ள ஏறி என்னமோ பேசிக்கிட்டிருந்தீக. இங்க காத்து உஸ்ஸுன்னு போய்க்கிட்டே இருந்துச்சு. ஒருத்தரும் கண்டுக்கிடலை. எங்கடா வால்வுன்னு தேடி, தூக்கித் திருப்பணும்னு நானாக் கண்டுபிடிச்சு மூடினேன். அப்பயும் கொஞ்ச நேரம் ஊத்திட்டுத்தான் நின்னுச்சு."

"எதுக்குய்யா மூடினீங்க?"

"தெறந்து கிடக்கிறதைப் பாத்துட்டு மூடாமப் போகச் சொல்லுறீகளா? எங்க வார்டுக்குத் தண்ணி தெறந்து விடுறதே நாந்தான் சார்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தத் தப்பை வேறு சீமைக்காரன் செய்ய மாட்டான். அருப்புக்கோட்டையில் தண்ணீர் வருவதே ஒரு திருவிழா. வருவதற்கு முன்னால் குழாயில் முதலில் காற்றுதான் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் தெருவே குடத்தோடு எழுந்து ஓடும். அப்படிப்பட்ட ஊரில் வார்டு முழுவதற்கும் வால்வு திறந்து மூடுகிற மனிதரின் காதில், குழாயிலிருந்து ஏதோ சீறுகிற சத்தம் விழுகிறது. அவர் கை சும்மா இருக்குமா? சொந்த மருமகள் கல்யாணம் என்பதெல்லாம் அவருக்கு அந்த நிமிடம் மறந்துபோயிருக்கும். ரயில் ஏன் கிளம்பவில்லை என்று என்னை அத்தனை நேரம் திட்டியதும் நியாயமாகவே திட்டியிருக்கிறார். அவர் பங்குக்கு ரயிலைச் சரிசெய்து கொடுத்துவிட்டாரே!

கைப்பிடியைத் திருப்பினேன். காற்று பின்பக்கம் பாய்ந்தது. கல்யாணப் பெட்டியின் கட்டைகள் விலகின, அடுத்தது, அதற்கடுத்தது என்று பின்னால் வரைக்கும் ஒவ்வொன்றாக விட்டன. கூட்டம் கைதட்டியது. மணப்பெண் மட்டும் தாய்மாமனைப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வார்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் என்னையக் குறை சொன்னதில்லை" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

நான் என் பெட்டிக்கு ஓடினேன். முள் ஐந்தில் நின்றது. உடனே கொடியைக் காட்டவில்லை. என் பக்கத்து வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை வெளியே விட்டேன். கடைசிப் பெட்டியில் நான் குறைத்தால் முதலில் இருக்கும் டிரைவரின் முள்ளும் இறங்க வேண்டும். அப்போதுதான் குழாய் முழுவதும் ஒன்று என்று அர்த்தம். அந்தச் சீறலைக் கேட்டதும் கல்யாணப் பெட்டி ஜன்னலிலிருந்து தாய்மாமனின் தலை வெளியே நீண்டது. "அய்யா! இப்ப நீங்களே தெறந்து விடுறீகளே!" என்று அவர் கதறியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இந்த முறை அவர் இறங்கிவிடாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"எறங்குது சார்" என்றார் டிரைவர், விட்டேற்றியாக. வால்வை மூடினேன். மறுபடி ஏறியது. கொடியைக் காட்டினேன்.

திருச்சுழி நெருங்குகிற நேரம். தாமதத்தைச் சரிகட்ட டிரைவர் அனுமதித்த வேகம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் மீட்டரில் முள் மொத்தமாகக் கீழே விழுந்தது. அடுத்த நொடி எல்லாப் பெட்டியும் ஒரே சமயத்தில் பிடித்தது. நான் சுவரில் போய் மோதிக்கொண்டேன். விசில் நிற்காமல் அலறியது. சங்கிலி இல்லை, டிரைவரே முழு பிரேக்கையும் போட்டிருக்கிறார். வண்டி கிறீச்சிட்டுக்கொண்டே போய், போய், ஒருவழியாக நின்றது.

இறங்கி ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். முன்னால் போய்ப் பார்த்தால், என்ஜினுக்கு எதிரே, ஒரு பெட்டி நீளம்கூட இல்லாத தூரத்தில், தண்டவாளத்தின் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்தில் பட்டுவேட்டி கட்டின ஒரு பையன். நெற்றியில் பட்டம் கட்டியிருந்தான். வேட்டி நுனி வண்டியின் செயினில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கையால் இடுப்பில் வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டு, இன்னொரு கையை டவுன் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நீட்டியபடி நின்றான்.

பெண் பேசிய பிறகு, காட்டில் டவர் இல்லாமல் அவள் போன் கிடைக்கவில்லையாம். பதறிப்போன மாப்பிள்ளை, தம்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு பெண்ணைத் தேடிக் கிளம்பியிருக்கிறான். ஒற்றையடிப் பாதையில் தண்டவாளத்தைக் கடக்கும்போது சக்கரம் மாட்டியது, வேட்டி சுற்றியது. வண்டியை விட்டுவிட்டு ஓடலாம் என்றால் வேட்டி விடவில்லை. வேட்டியை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் கல்யாணத்தன்று ஒரு மாப்பிள்ளை அப்படி ஓடுவானா?

டிரைவர் கீழே இறங்கி என்ஜினைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். "பின்னாடியும் புடிச்சுச்சு சார்" என்றார். "முன்பாதி மட்டும் புடிச்சிருந்தா..." என்று பையன் நின்ற இடத்தைக் கையால் காட்டினார். நான் தண்டவாளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு பேர் சேர்ந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். தாய்மாமன்தான் செயினிலிருந்து வேட்டியை ஒரு நூல் அறுபடாமல் பிரித்தெடுத்தார். மணப்பெண் பெட்டி வாசலில் நின்றபடி, "உங்களை யாரு வரச் சொன்னா?" என்று ஆரம்பித்தவள், தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பெண் முன்னால் ஏதாவது வீரமாகச் செய்ய வேண்டுமே! உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினான்.

"ஏன் சார், எம்புட்டு நேரம் சார்? ஒரு ரயிலை நேரத்துக்கு ஓட்டத் தெரியாது? முகூர்த்தம் போயிருச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீகளா? கொடி காட்டுறதைத் தவிர உங்களுக்கு வேற என்னதான் சார் வேலை?"

டிரைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். "ஏறுங்க தம்பி, நேரமாச்சு" என்றேன். ஏறினான். டிக்கெட் இல்லாமல்தான். மற்றபடி தாலி விஷயமெல்லாம் சுபம். ராகு காலத்துக்கு முன்னால் கட்டிவிட்டான் என்று மறுநாள் தெரிந்துகொண்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் உங்களுக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். நடக்காமல் போனதற்கு யார்தான் நன்றி சொல்வார்கள்? ஆனால் அன்றைக்கு அந்தப் பையன் பட்டுவேட்டியைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே கையை நீட்டி நீட்டித் திட்டினான். திட்டுவதற்கு அவனுக்கு வாய் இருந்தது, நீட்டுவதற்குக் கை இருந்தது. அவன் நிறுத்தும்வரை நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.